பான்டாஸ் குழந்தையின் குடும்ப வரலாறு: யார் பக்கத்திலிருந்து வந்தது?

4 பிப்ரவரி 2023 (கேள்வி)

என் மகனுக்கு வயது 7. தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து தணிந்த இரண்டு வாரங்களுக்குள், ஒரு சனிக்கிழமை காலையில் எழுந்தவன் முந்தைய இரவு தூங்கப் போன பிள்ளையாக இல்லை. கை கழுவுவதை நிறுத்த முடியவில்லை. கழுத்தை ஒரு பக்கமாக வெட்டி இழுக்கிறான். என்னை விட்டு அடுத்த அறைக்குக்கூடப் போக மறுக்கிறான். தொண்டைத் தொற்றுக்குப் பிறகு பிள்ளைகளுக்குத் திடீரென்று வரும் பான்டாஸ் என்ற மூளைக் கோளாறாக இருக்கலாம் என்று சொன்ன மருத்துவர், உடனே என் பக்கத்திலும் கணவர் பக்கத்திலும் யார் யாருக்கு என்னென்ன நோய் இருந்தது என்று அரை மணி நேரம் விசாரித்தார். கிருமியால் வந்த நோய்க்குப் பாட்டி, மாமா, சித்தப்பா கதையெல்லாம் எதற்கு? இது பரம்பரை நோயா? இவனுக்குப் பின் 4 வயதில் ஒரு தங்கை இருக்கிறாள்.

4 பிப்ரவரி 2023, இரவு (பதில்)

பரம்பரை நோய் அன்று. இதை உறுதியாகவே சொல்கிறேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு நானும் உட்கார்ந்திருந்தேன். சூசன் ஸ்வீடோவும் அவருடைய அமெரிக்கக் குழுவினரும் 1998-இல் 50 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து இந்நோயை வரையறுத்தபோது ஐந்து நிபந்தனைகள் வைத்தார்கள். ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயோ, டிக் எனப்படும் தன்னிச்சையான வெட்டசைவோ இருக்க வேண்டும். பருவமடையும் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். திடீரென்று வந்து, ஏறி இறங்கும் போக்கில் இருக்க வேண்டும். தொண்டை அழற்சி தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியின் தொற்றோடு காலப் பொருத்தம் இருக்க வேண்டும். நோய் ஏறியிருக்கும் வேளையில் நரம்பியல் அறிகுறிகள் தென்பட வேண்டும். இந்த ஐந்தில் குடும்பம் என்ற சொல்லே இல்லை. கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் ஆன்டிபாடிகள், மூளையின் ஆழத்தில் அசைவையும் பழக்கத்தையும் ஆளுகிற பேசல் கேங்லியா பகுதியைக் கிருமியென்று பிழையாக எண்ணித் தாக்குகின்றன என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

என் மகனின் கணக்கு நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் எண்கள் கட்டத்துக்குள் அடக்கமாக நிற்கின்றன. அடுத்த திங்கள்கிழமைப் பக்கத்தில் 7 கட்டத்தைத் தாண்டி ஓரக்கோட்டில் போய் முட்டுகிறது. 5-ஐ அழித்து அழித்து எழுதியதில் தாள் கிழிந்திருக்கிறது. இடையில் இருந்தவை ஆறு நாள்கள். மரபணு ஆறு நாள்களில் மாறுவதில்லை.

5 பிப்ரவரி 2023

நேற்று இரவு எழுதியதைக் காலையில் படித்தபோது கடைசி வரி உறுத்தியது. மரபணு ஆறு நாள்களில் மாறாது என்பது சரி. ஆனால் பிறந்தது முதல் உள்ளே இருந்த ஒன்று, தொற்று வந்த பிறகு ஆறு நாள்களில் வெளிப்பட முடியாது என்று நான் எப்படிச் சொன்னேன்? அந்த ஆண்டு என் மகனின் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தொண்டை அழற்சியோடு வீட்டில் இருந்தார்கள். கை கழுவத் தொடங்கியவன் இவன் ஒருவன்தான். கிருமி மட்டுமே காரணம் என்றால் அந்தப் பாதி வகுப்பும் மருத்துவமனை வாசலில் நின்றிருக்க வேண்டும். ஆகவே உங்கள் மருத்துவர் கேட்டது வீண் விசாரணை அன்று. "பரம்பரை நோய் அன்று" என்பதை விட்டு வைக்கிறேன். "குடும்பத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை" என்பதுபோல் தொனித்ததை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஸ்வீடோவின் குழுவே 2000-ஆம் ஆண்டில் குடும்பங்களை ஆராய்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டது. பான்டாஸ் கண்ட 54 குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோர், உடன்பிறந்தோரையும் பரிசோதித்தார்கள். 54 பேரில் 21 பேருக்கு, அதாவது 39 விழுக்காட்டினருக்கு, டிக் இருந்த முதல்நிலை உறவினர் ஒருவராவது இருந்தார். ஓசிடி உள்ள உறவினர் இருந்தது 14 குழந்தைகளுக்கு, அதாவது 26 விழுக்காட்டினருக்கு. பொது மக்களிடம் காணப்படும் அளவைவிட இது அதிகம்.

5 பிப்ரவரி 2023, சற்று நேரம் கழித்து

39-ஐயும் 26-ஐயும் கூட்டி "65 விழுக்காடு குடும்பங்களில் இருக்கிறது" என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். ஒரே குழந்தை இரண்டு கணக்கிலும் வரலாம். என் கணவர் காலை உணவு முடிவதற்குள் அந்தக் கூட்டலைச் செய்து, உறவினர் ஒருவருக்குத் தொலைபேசியிலும் சொல்லிவிட்டார்.

9 பிப்ரவரி 2023

அந்த 2000-ஆம் ஆண்டு ஆய்வில் நான் முதலில் கவனிக்காமல் தாண்டிய ஒரு வரி இருக்கிறது. இந்த விகிதங்கள், பான்டாஸ் அல்லாத, வழக்கமான ஓசிடி அல்லது டிக் உள்ள குழந்தைகளின் குடும்பங்களில் முன்பே கண்டறியப்பட்ட விகிதங்களை ஒத்திருக்கின்றன என்பதே அது. இதன் பொருளை உள்வாங்க எனக்கு நான்கு நாள்கள் பிடித்தன. குடும்பத்தில் டிக் இருப்பதால் உங்கள் பிள்ளைக்கு வந்தது பான்டாஸ் என்று ஆகாது. பான்டாஸ் இல்லை என்றும் ஆகாது. "உங்கள் குடும்பத்திலேயே இருக்கிறதே, பிறகு தொற்றை ஏன் குறை சொல்கிறீர்கள்" என்று ஒரு மருத்துவர் என்னிடம் கேட்டபோது பதில் தெரியாமல் விழித்தேன். இப்போது தெரிகிறது: தொற்றால் தூண்டப்பட்ட பிள்ளையின் வீட்டிலும், அப்படித் தூண்டப்படாத பிள்ளையின் வீட்டிலும் ஏறத்தாழ ஒரே வரலாறுதான் கிடைக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டும் வேலையை அந்த வரலாறு செய்வதில்லை.

எங்கள் குடும்ப மரத்தை ஒரு வெள்ளைத் தாளில் பென்சிலால் வரைந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்கு உள்ளே கருமை. என் தம்பி எட்டு வயதில் ஓயாமல் கண் சிமிட்டுவான். "கெட்ட பழக்கம்" என்று பள்ளியில் அடிகூட வாங்கியிருக்கிறான். ஓர் ஆண்டுக்குள் அது தானாகப் போனது. அன்று அதை நோய் என்று ஒருவரும் சொல்லவில்லை. இன்று அதை டிக் என்று எழுதிக் கருமையிட்டேன். என் அம்மா இரவில் கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை பார்ப்பார், நடுவில் யாராவது பேசிவிட்டால் முதலிலிருந்து தொடங்குவார். வீட்டில் அதற்குப் பெயர் "அம்மா ஜாக்கிரதைக்காரி". அந்த வட்டத்துக்குக் கருமையிடுவதா, பாதி கருமையா, வெறுமையா என்று ஒரு மாலைப் பொழுது முழுவதும் யோசித்தேன். அந்த ஆய்விலும் முழு நோயாக இல்லாத, நோயின் சாயல் மட்டும் உள்ள உறவினர்களைத் தனியாகவே கணக்கிட்டிருக்கிறார்கள் என்று அறிந்தபோது, பாதி கருமை இட்டு எழுந்தேன்.

மரத்தைப் பார்த்த மாமியார் "எல்லாம் உங்கள் பக்கம்தான்" என்று ஒரே பார்வையில் முடிவு சொல்லிவிட்டார். அவர் பக்கத்துக் கிளையில் யாரையும் நான் இன்னும் விசாரிக்கவே இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

18 பிப்ரவரி 2023

ஓசிடியும் டிக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் மருத்துவர் தைராய்டு, மூட்டுவாதம், சொரியாசிஸ் என்றெல்லாம் கேட்டிருந்தால், அவர் தேடியது வேறொரு கிளையை. பான்டாஸை தன்னுடல் தாக்குநோய் என்று கொண்டால், அத்தகைய நோய்கள் குடும்பங்களில் சேர்ந்து காணப்படும் இயல்புடையவை என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. டானியா மர்ஃபியின் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், டிக் அல்லது ஓசிடியோடு வந்த 107 குழந்தைகளின் தாய்மார்களை விசாரித்தார்கள். அவர்களில் 17.8 விழுக்காட்டினர் தங்களுக்குத் தன்னுடல் தாக்குநோய் உண்டு என்றார்கள். அமெரிக்கப் பெண்களிடையே பொதுவாக அது 5 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. பான்டாஸாக இருக்க வாய்ப்பு மிகுந்த குழந்தைகளின் தாய்மார்களிடம், வாய்ப்புக் குறைந்தவர்களின் தாய்மார்களைவிட இது கூடுதலாகவும் இருந்தது. 2000-ஆம் ஆண்டு ஆய்வு செய்யாத வேலையை, அதாவது பிரித்துக் காட்டும் வேலையை, இது சற்றே செய்கிறது என்பதால் எனக்கு இது முக்கியமாகப் பட்டது.

எனக்குத் தைராய்டுச் சுரப்புக் குறைவு. ஒன்பது ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறேன். என் வட்டத்துக்கும் கருமையிட்டேன். சொல்லப்போனால், எனக்குள் ஏதோ ஒன்று அமைதியானது. காரணம் நானே என்பது வலித்தாலும், காரணம் என்று ஒன்று கிடைத்துவிட்டது.

19 பிப்ரவரி 2023

நேற்றைய குறிப்பில் "தாய்" என்ற சொல்லை விரைவாகத் தாண்டிவிட்டேன். தாயிடம் ஒரு நோய் இருந்து பிள்ளைக்கும் தொல்லை வந்தால், அது மரபணு வழியாகத்தான் வந்தது என்று கட்டாயமில்லை. தாயின் ஆன்டிபாடிகளில் ஐஜிஜி வகை, நச்சுக்கொடியைக் கடந்து கருவிலுள்ள குழந்தையை அடைகிறது. கருவறையின் சூழலே ஒரு காரணமாகலாம். பிறகு, பிள்ளைக்கு நோய் வந்த தாய் தன் உடலைப் பற்றி மற்றவர்களைவிட ஆழமாகத் துருவிப் பார்க்கிறாள், விசாரித்தால் நிறையவே சொல்கிறாள். சாட்சிக்கு நான் இருக்கிறேன்.

2 மார்ச் 2023

மாமியார் பக்கத்துக் கிளை திறந்தது. என் கணவரின் அண்ணனுக்குப் பதினோரு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து, பல ஆண்டுகள் மாதந்தோறும் பென்சிலின் ஊசி போட்டிருக்கிறார்கள். "அது மூட்டுவலிதானே" என்று இத்தனை நாள் ஒருவரும் அதைப் பேச்சில் எடுக்கவில்லை. ஆனால் இந்த விவகாரம் முழுவதற்கும் மூத்த அண்ணன் அந்த நோய்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றுக்குப் பிறகு இதயத்தையும் மூட்டுகளையும் தாக்குவது ருமாட்டிக் காய்ச்சல். அதே நோய் மூளையைத் தொடும்போது கைகால்கள் ஆடுவதுபோல் இழுபடும் சிடன்ஹாம் கொரியா என்ற நோய் வருகிறது. இந்தக் கொரியா நோய் வந்த பிள்ளைகளிடம் ஓசிடி அறிகுறிகள் மிகுந்திருப்பதைக் கண்டுதான் ஸ்வீடோவின் குழு பான்டாஸ் என்ற எண்ணத்துக்கே வந்து சேர்ந்தது.

ருமாட்டிக் காய்ச்சலில் மரபின் பங்கை அளக்க இரட்டையர் கணக்கு இருக்கிறது. 435 இரட்டையர் இணைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2011-இல் வெளியான ஆய்வு, ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது ஒரு கரு இரட்டையரில் 44 விழுக்காடு, இரு கரு இரட்டையரில் 12 விழுக்காடு என்று மதிப்பிட்டது. மரபின் பங்கு ஏறத்தாழ 60 விழுக்காடு என்று அதிலிருந்து கணக்கிட்டார்கள். 44-க்கும் 12-க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். ஒரே வீடு, ஒரே படுக்கை, ஒரே கிருமி. வேறுபடுவது மரபணுப் பொருத்தம். அதே கணக்கை மறுபக்கமாகவும் படிக்கலாம்: மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும், உடன்பிறந்தவருக்கு வந்த நோய் மற்றவருக்கு வராமல் போனது பாதிக்கும் மேற்பட்ட நிகழ்வுகளில். உங்கள் மகளும் மகனும் ஒரு கரு இரட்டையர்கூட அல்லர்.

3 மார்ச் 2023

நேற்றைய கணக்கு ருமாட்டிக் காய்ச்சலுக்கு உரியது, பான்டாஸுக்கு உரியது அன்று. உற்சாகத்தில் கடைசி வரியில் அதை உங்கள் மகளுக்குப் பொருத்திவிட்டேன். அந்த வரியைக் கழித்துவிட்டுப் படியுங்கள். மாமியாருக்கும் அண்ணன் கதையை வைத்து நான் வெற்றி முழக்கம் செய்தது பிடிக்கவில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

21 மார்ச் 2023

இரத்தப் பரிசோதனை செய்தாலே யாருக்கு இந்த ஆபத்து இருக்கிறது என்று தெரிந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆசை 1990-களிலேயே எழுந்தது. இரத்தத்திலுள்ள பி அணுக்கள் என்ற வெள்ளையணுக்களின் மேல் டி8/17 என்ற ஓர் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ருமாட்டிக் காய்ச்சல் நோயாளிகளிடமும் அவர்களுடைய குடும்பத்தாரிடமும் அது மிகுந்திருந்ததால், பிறவியிலேயே வரும் அடையாளம் என்று கருதப்பட்டது. 1997-இல் பான்டாஸ் குழந்தைகளில் 85 விழுக்காட்டினரிடமும், சிடன்ஹாம் கொரியா உள்ளவர்களில் 89 விழுக்காட்டினரிடமும், நலமான குழந்தைகளில் 17 விழுக்காட்டினரிடம் மட்டுமே அது இருந்ததாக அறிவித்தபோது, சாவி கிடைத்துவிட்டது என்றே தோன்றியிருக்கும். பின்வந்த ஆய்வுகள் ஒன்றுபோல் விடை தரவில்லை. பான்டாஸுக்கும் மற்ற டிக், ஓசிடிக்கும் இடையே அந்த அடையாளம் தெளிவாக வேறுபாடு காட்டவும் இல்லை. அது நோயறியும் பரிசோதனையாகவே ஆகவில்லை. 85-க்கும் 17-க்கும் இடையே இருந்த அவ்வளவு பெரிய இடைவெளி எப்படிக் கரைந்தது என்பதை நினைத்தால், 39-ஐயும் 17.8-ஐயும் பார்த்து நான் துள்ளியதை எண்ணிக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

15 ஏப்ரல் 2023

என் வட்டத்தின் கருமையை அழித்துவிட்டேன். தைராய்டுச் சுரப்புக் குறைந்தவர்கள் எல்லாரும் தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்கள் அல்லர் என்று மருத்துவர் நினைவூட்டியதும், ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பார்க்காத ஆன்டிபாடிப் பரிசோதனையைச் செய்துகொண்டேன். ஆன்டிபாடி இல்லை. இல்லை என்று வந்தாலும் நோய் இருக்க முடியும், சிலருக்கு அப்படி நேரும் என்றார் அவர். அழித்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். பிப்ரவரியில் கிடைத்த அமைதியும் போயிற்று.

28 ஏப்ரல் 2023

மரபணுப் பரிசோதனை பற்றி மீண்டும் கேட்டதால் எழுதுகிறேன். துருக்கியில் நடந்த சிறிய ஆய்வுகள் இரண்டு மரபணுக்களைச் சுட்டின. ஒன்று அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற புரதத்துக்கு உரியது. மற்றது கிருமியை முதலில் அடையாளம் காணும் மனோஸ் பைண்டிங் லெக்டின் என்ற புரதத்துக்கு உரியது. 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வு வேறு திசையில் சென்றது. பான்டாஸையும் உள்ளடக்கிய, பான்ஸ் எனப்படும் திடீர்த் தொடக்கக் கோளாறு உள்ள பிள்ளைகளின் மரபணுத் தொகுதியைப் படித்து, மிக மிக அரிதான மாற்றங்களை 11 மரபணுக்களில் கண்டார்கள். அவற்றில் சில நோய் எதிர்ப்பு அமைப்போடு தொடர்புடையவை, பிபிஎம்1டி போன்றவை. சில நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பில் வேலை செய்பவை, ஷாங்க்3, கிரின்2ஏ போன்றவை.

இதைப் படித்தபோதுதான் என் தாளிலிருந்த குழப்பம் எனக்குப் புரிந்தது. நான் ஒரே மரத்தில் இரண்டு மரங்களை வரைந்துகொண்டிருந்தேன். தம்பியின் கண் சிமிட்டலும் அம்மாவின் தாழ்ப்பாளும் மூளையின் சுற்றுகள் எளிதில் சிக்கிக்கொள்ளும் இயல்பைப் பற்றியவை. கணவரின் அண்ணனுக்கு வந்த காய்ச்சல் தொண்டைக் கிருமிக்கு உடல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதைப் பற்றியது. இவை இரண்டும் வேறு வேறு வீடுகளிலிருந்து வந்து ஒரு பிள்ளையிடம் சந்தித்திருக்கலாம். அப்படிச் சந்தித்த பிறகும் கிருமி வர வேண்டும். "யார் பக்கம்" என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒற்றை விடை வராததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம், ஆய்வு முடிவு அன்று.

மிக அரிதான மாற்றங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்த 11 மரபணுக்களையும் சோதித்து ஒன்றுமில்லை என்று வந்தால் உங்கள் மகளுக்கு ஆபத்தில்லை என்று பொருளாகாது.

6 ஜூன் 2023

என் இளையவளுக்குத் தொண்டை அழற்சி. பஞ்சுக்குச்சியில் எடுத்த மாதிரியில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உறுதியானது, மருந்து தொடங்கியாயிற்று. நான் இத்தனை மாதங்கள் எழுதியதெல்லாம் இன்று எதற்கும் உதவவில்லை. அவள் எழுதுகிற ஒவ்வோர் எழுத்தையும் எட்டிப் பார்க்கிறேன்.

8 ஜூன் 2023

டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளைக் கொண்டு 2017-இல் வெளியான ஆய்வைத் தேடிப் பிடித்துப் படித்தேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உறுதியான குழந்தைகளுக்கு, அப்படிச் சோதனையே செய்யாதவர்களோடு ஒப்பிட, ஓசிடி வரும் விகிதம் 51 விழுக்காடும் டிக் வரும் விகிதம் 35 விழுக்காடும் அதிகம். கேட்டவுடன் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் ஓசிடி பிள்ளைகளிடையே அரிய நோய். அரிதான ஒன்று ஒன்றரை மடங்கானாலும் அரிதாகவே இருக்கிறது. மேலும், தொண்டைத் தொற்று வந்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இல்லை என்று சோதனை சொன்ன பிள்ளைகளுக்கும் இவ்விரண்டும் கூடித்தான் இருந்தன, ஓசிடியில் சற்றுக் குறைந்த அளவில். ஆக அந்தக் கிருமி ஒன்றே குற்றவாளி என்றும் சொல்ல முடியவில்லை.

29 ஜூன் 2023

இளையவளுக்கு ஒன்றும் வரவில்லை. ஒரே பெற்றோர், ஒரே கிருமி, ஒரே படுக்கையறை. மூன்று வாரங்களாக அவளை நான் பார்த்த பார்வையைத் தாங்காமல், "நான் இன்று எத்தனை முறை கை கழுவினேன் என்று எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுமா" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் எட்டிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். நிறுத்த முயல்கிறேன் என்பதே உண்மை.

உங்கள் மகளைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். காய்ச்சலோடு தொண்டை வலித்தால் தாமதிக்காமல் சோதியுங்கள். வலியே இல்லாத நாளில் அடிக்கடி சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். நலமாக இருக்கும் குழந்தைகளிலும் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர் தொண்டையில் அந்தக் கிருமியைச் சும்மா சுமந்து திரிகிறார்கள். முன்னெச்சரிக்கை என்று சொல்லி நாமாக ஆன்டிபயாடிக் கொடுப்பதும் கூடாது.

17 செப்டம்பர் 2023

தம்பி நேற்று வந்திருந்தான். மேசையின் மேல் கிடந்த மரத்தைப் பார்த்துவிட்டுத் தன் சதுரத்தின் மேல் விரலை வைத்து, "கண் சிமிட்டத் தொடங்குவதற்கு முன் எனக்குப் பெரிய தொண்டை வலி வந்ததே, நினைவில்லையா, ஒரு வாரம் கஞ்சிதான் குடித்தேன்" என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. உடனே அம்மாவிடம் கேட்டேன். அப்படி ஒன்றும் வரவில்லை, அவன் கஞ்சி குடித்தது மறு ஆண்டு அம்மை போட்டபோது என்றார் அவர், ஒரு நொடிகூடத் தயங்காமல். தம்பி பிடிவாதமாக இருந்தான். ஆனால் பிப்ரவரியிலேயே, மரம் வரைகிற நாள்களில், தொண்டை வலி, தொற்று, பான்டாஸ் என்று அவனிடம் மணிக்கணக்கில் பேசியவள் நான்தான். அவன் நினைவில் இருந்து எடுத்தானா, நான் போட்டதை எடுத்துத் தந்தானா என்று அவனுக்கே தெரியாது.

அவன் சதுரத்தின் ஓரத்தில் "தொண்டை வலி?" என்று சிறிதாக எழுதினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து அதைப் படித்தார். பிறகு தன்னுடைய பாதிக் கருமை வட்டத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்த் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு ஒரு முறைதான் பார்த்தார்.

18 செப்டம்பர் 2023

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். நான் தூங்கப் போன பிறகு மீதி இரண்டு முறையும் பார்த்ததாக இளையவள் சொல்கிறாள்.